பாலத்துக்கு வசூல்

ஐயா,

மழைக்காலம் வந்தாலே மலையடிவார ஊர்களில் பிள்ளைகள் கயிற்றைப் பிடித்துக்கொண்டு ஓடையைக் கடக்கும் படங்கள் வருகின்றன, பார்த்துவிட்டு வருத்தப்படுகிறோம், அப்புறம் தண்ணீர் வடிந்ததும் மறந்துவிடுகிறோம். கர்நாடகத்தில் சுள்ளியா பக்கம் அரம்பூர் மக்கள் அப்படி விட்டுவிடவில்லை. பயஸ்வினி ஆற்றைக் கடக்க ஒரு பாலம் வேண்டும் என்று பொறியாளர் கிரீஷ் பாரத்வாஜிடம் கேட்டார்கள், வேலைக்கும் தாங்களே தோள் கொடுத்தார்கள். 1989-இல் தொங்குபாலம் எழுந்தது. அதன் பிறகு அவர் நூற்றுக்கும் மேற்பட்ட பாலங்கள் கட்டி, 2017-இல் பத்மஸ்ரீ பெற்றார்.

நம் ஊராட்சிகளுக்கு ‘நமக்கு நாமே’ திட்டம் இருக்கிறது. மதிப்பீட்டில் மூன்றில் ஒரு பங்கை மக்கள் திரட்டினால் மீதியை அரசு தரும். கூலிவேலை செய்யும் குடும்பங்களுக்கு அந்த ஒரு பங்கே பெரிய பாரம். வெளியூரில் சம்பாதிக்கும் ஊர்க்காரர்கள் கோயில் கொடைக்குக் கொடுப்பதுபோல இதற்கும் கொடுக்க வேண்டும், தயவுசெய்து கொடுங்கள்.

வசூலிலேயே பராமரிப்புக்கும் ஒரு தொகையை ஒதுக்கிவிடுங்கள், ஒரே நேரத்தில் எத்தனை பேர் ஏறலாம் என்று பலகையும் வையுங்கள். 2022-இல் குஜராத்தின் மோர்பியில் தொங்குபாலம் அறுந்து 135 பேர் இறந்த பிறகு இதில் சிக்கனம் பார்க்கவே கூடாது.

- ஒரு வாசகர், தருமபுரி மாவட்டம்