அந்த முறைப்பாட்டை வாசித்த பெண்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

பெண் விசாரணை அதிகாரிகளை மையமாகக் கொண்ட தொடர்கொலைத் தொடர்கள் பற்றித் தங்கள் வார இதழின் திரைப் பக்கத்தில் வெளியான கட்டுரையை வாசித்தேன். அந்த அதிகாரிகளின் துணிச்சலையும், துப்பாக்கி ஏந்தும் மிடுக்கையும், ஆண்களை எதிர்த்து நிற்கும் காட்சிகளையும் கட்டுரையாளர் நிறைவாகப் பாராட்டியிருந்தார். ஆனால் அப்பெண்கள் உண்மையில் எதைச் செய்து வழக்கை வெல்கிறார்கள் என்பதைக் கட்டுரை தொடவே இல்லை. காணாமற்போனவர்களின் படங்கள் சுவரில் தொங்கும் வீடுகள் நிறைந்த, வட இலங்கையின் வன்னியில் இருந்து இத்தகைய தொடர்களைப் பார்க்கும் ஒருத்திக்கு அதுவே முதலில் கண்ணில் படும் என்பதால், சிலவற்றை எழுத விரும்புகிறேன்.

கட்டுரையில் ஒரே ஒரு வரியில் குறிப்பிடப்பட்ட 'தஹாட்' தொடரையே எடுத்துக்கொள்கிறேன். ரீமா காக்தியும் ருச்சிகா ஒபரோயும் இயக்கிய இந்த எட்டுப் பகுதித் தொடர் 2023 மே மாதம் அமேசன் பிரைமில் வெளியானது; அதற்குச் சில மாதங்கள் முன்பு பேர்லின் திரைப்பட விழாவில், தொடர்களுக்கான போட்டிப் பிரிவில் இடம்பெற்றிருந்தது. கதை ராஜஸ்தானின் மண்டாவா என்ற சிறு நகரில் நடக்கிறது. வெவ்வேறு ஊர்களில், பொதுக் கழிப்பறைகளில், மணக்கோலத்தில் பெண்கள் இறந்து கிடக்கிறார்கள். ஒவ்வொரு மரணத்தையும் அந்தந்த ஊர்ப் பொலிஸார் தற்கொலை என்று எழுதிக் கோப்பை மூடிவிடுகிறார்கள். அவற்றை ஒன்றாக வைத்துப் பார்க்கும் முதல் ஆள், சோனாக்சி சின்ஹா நடித்திருக்கும் உப பொலிஸ் பரிசோதகர் அஞ்சலி பாட்டி.

இத்தொடரில் என்னை நிலைகுலையச் செய்தது கொலைக் காட்சி எதுவும் அல்ல. தன் தங்கையைக் காணவில்லை என்று முறையிட வரும் ஏழை அண்ணன் ஒருவனைப் பொலிஸ் நிலையத்தில் யாரும் பொருட்படுத்துவதில்லை. அதே வேளையில், மேற்சாதிப் பெண்ணொருத்தி முஸ்லிம் இளைஞன் ஒருவனுடன் சென்றுவிட்டாள் என்றதும் அரசியல்வாதிகள் திரண்டு வருகிறார்கள். முழுப் பொலிஸ் நிலையமும் அவளைத் தேடி ஓடுகிறது. இதைக் கண்ட அந்த அண்ணன், தன் தங்கையும் ஒரு முஸ்லிமுடன்தான் போய்விட்டாள் என்று பொய் சொல்கிறான். அந்தப் பொய்க்குப் பிறகே அவளைத் தேடத் தொடங்குகிறார்கள். உண்மையைச் சொல்லிக்கொண்டு வந்தவனுக்குக் கிடைக்காத கவனம் பொய்க்குக் கிடைத்த அந்த இடத்தில், தொடர் தான் சொல்ல வந்தது முழுவதையும் சொல்லிவிட்டது என்றே கருதுகிறேன்.

விஜய் வர்மா நடித்திருக்கும் கொலையாளி ஆனந்த், பெண்கள் கல்லூரியில் கற்பிப்பவன். பிள்ளைகளுக்குப் புத்தக வண்டி ஓட்டுபவன். ஊரில் நல்லவன் எனப் பெயர் எடுத்தவன். அவன் தேர்ந்தெடுக்கும் பெண்கள் அனைவரும், சீதனம் கொடுக்க வழியில்லாமல் வீட்டாருக்குப் பாரமென்று கருதப்பட்டு, வயது போய்க்கொண்டிருக்கிறது என்ற பேச்சை நாள்தோறும் கேட்டுக்கொண்டிருப்பவர்கள். எதுவும் கேளாமல் மணம் முடிக்க ஒருவன் வந்தால் அவர்கள் இரவோடு இரவாகப் புறப்பட்டுவிடுவார்கள் என்பதும், அவமானத்துக்கு அஞ்சி வீட்டார் தேடமாட்டார்கள் என்பதும், வீட்டாரே தேடாதவளைப் பொலிஸார் தேடப்போவதில்லை என்பதும் அவனுக்குத் தெரியும். கொலையாளி யார் என்பதைத் தொடர் தொடக்கத்திலேயே காட்டிவிடுவதைச் சிலர் குறையாகச் சொல்கிறார்கள். எனக்கு அது சரியான முடிவாகவே படுகிறது. அவன் யார் என்ற கேள்வி இல்லாமற்போனால், இத்தனை காலம் அவனை ஏன் ஒருவரும் தேடவில்லை என்ற கேள்வியே பார்ப்பவர் முன் எஞ்சி நிற்கும்.

இது வெறும் கற்பனையும் அன்று. கர்நாடகாவில் உடற்கல்வி ஆசிரியராக இருந்த மோகன் குமார், 2003 முதல் 2009 வரை இருபது பெண்களைக் கொன்றதாகத் தீர்ப்பளிக்கப்பட்டவர். திருமண ஆசை காட்டி அழைத்துச் சென்று, நகைகளை விடுதி அறையில் கழற்றி வைக்கச் சொல்லி, கருத்தடை மாத்திரை என்று சயனைட்டைக் கொடுத்து, பஸ் நிலையக் கழிப்பறையில் வைத்து விழுங்குமாறு அனுப்புவது அவரது வழக்கம். அந்த மரணங்களில் பலவற்றில் இறந்தவர் யாரென்றே அப்போது அறியப்படவில்லை. 2009இல் காணாமற்போன ஒரு பெண்ணின் தொலைபேசிப் பதிவைப் பின்தொடர்ந்த பொலிஸார், அது முன்னரே காணாமற்போயிருந்த இன்னொரு பெண்ணிடமும், அங்கிருந்து வேறொருத்தியிடமும் இட்டுச் செல்வதைக் கண்டபோதே வழக்கு விளங்கியது. முதல் பெண்ணுக்காகவே அந்தப் பதிவை எடுத்துப் பார்த்திருந்தால் எத்தனை பேர் இன்று உயிருடன் இருந்திருப்பார்கள் என்று எண்ணாமல் இருக்க முடியவில்லை.

1991இல் பிரித்தானியத் தொலைக்காட்சியில் ஹெலன் மிரன் நடித்து வெளியான 'பிரைம் சஸ்பெக்ட்' தொடரிலும் இதே இழை இருக்கிறது. அப்போது லண்டன் மாநகரப் பொலிஸில் துப்பறியும் பிரதம பரிசோதகர் தரத்தில் இருந்த மிகச் சில பெண்களில் ஒருவரான ஜாக்கி மால்டனின் அனுபவங்களைக் கேட்டறிந்து லிண்டா லா பிளான்ட் அதை எழுதினார். இறந்தவள் என்று தனக்கு முன்பிருந்த ஆண் அதிகாரி அடையாளம் காட்டியவள் உண்மையில் இறந்தவளே அல்ல என்பதைக் கண்டுபிடிப்பதில்தான் மிரன் நடித்த அதிகாரி ஜேன் டெனிசனின் விசாரணை தொடங்குகிறது. இறந்தவளுக்குச் சரியான பெயரைத் திருப்பிக் கொடுத்த பிறகே கொலையாளியை நோக்கி அவளால் நகர முடிகிறது.

அஞ்சலி பாட்டி மோட்டார் சைக்கிள் ஓட்டுகிறாள், ஜூடோ அறிந்திருக்கிறாள் என்பதெல்லாம் உண்மை. ஆனால் தாழ்த்தப்பட்ட சாதியில் பிறந்து, அதை மறைக்கத் தந்தை மாற்றி வைத்த குடும்பப் பெயரோடு வாழும் அவள் நடந்து போகும்போதெல்லாம், உடன் பணிபுரியும் ஒருவன் ஊதுபத்தி கொளுத்துகிறான். வீட்டிலோ தாய் கல்யாணப் பேச்சை விடுவதில்லை. இறந்த பெண்கள் கேட்ட சொற்களையே கேட்டு வளர்ந்தவள் அவள். ஆகவேதான், 'தானாக விரும்பிப் போய்விட்டாள்' என்று மூடப்பட்ட கோப்பை அவளால் அப்படியே விட்டுவிட முடியவில்லை. அவளது பலம் அங்கே இருக்கிறது என்பது என் துணிபு. கொல்லப்பட்ட பெண்களின் வாழ்வுக்கு இத்தொடர் இன்னும் சற்று இடம் கொடுத்திருக்கலாம் என்ற வருத்தமும் எனக்கு உண்டு.

இனி எம் மண்ணுக்கு வருகிறேன். சீதனம் இல்லாமல் இங்கும் கல்யாணம் நடப்பது அரிது. போரில் தகப்பனையும் தமையனையும் இழந்த வீடுகளில் காணியும் நகையும் சேர்த்துக் கொடுக்க யார் இருக்கிறார்கள்? இங்கிருந்து ஆடைத் தொழிற்சாலைகளுக்கும், முகவர்களை நம்பி வளைகுடா நாடுகளுக்கும் போகும் பெண்களில் ஒருத்தி பேசாமல் விட்டால், வீட்டார் முதலில் அயலுக்குத் தெரியாமல் மறைக்கவே பார்க்கிறார்கள். பின்னர் பொலிஸ் நிலையம் போனால், 'ஆரோடையும் போயிருப்பாள்' என்ற பதிலைக் கேட்டுத் திரும்பிய தாய்மாரை நான் அறிவேன். 1987இல் தமிழ் அரசகரும மொழியாக்கப்பட்ட பின்னரும், தமிழில் சொன்ன முறைப்பாடு சிங்களத்தில் எழுதப்பட்டு, வாசித்து விளங்காமலே கையொப்பமிட வேண்டிய நிலை இன்னும் முற்றாக மாறவில்லை. எழுதப்பட்டது என்னவென்று முறையிட்டவளுக்கே தெரியாத ஒரு கோப்பில் இருந்து எந்த விசாரணை பிறக்கும்?

இன்னொன்றையும் சொல்லாமல் விடமுடியாது. 2017 பெப்ரவரி 20 முதல் கிளிநொச்சியில் தெருவோரம் அமர்ந்து, காணாமலாக்கப்பட்ட தம் பிள்ளைகளைக் கேட்ட தாய்மாரின் வழக்கு இத்தொடர்களின் கதையோடு ஒப்பிடத்தக்கதன்று. அங்கே கேள்வி அரசை நோக்கியே கேட்கப்படுகிறது. ஆயினும் ஒரு விசாரணையாளருக்கு வேண்டிய பொறுமையும் நினைவாற்றலும் ஒழுங்கும் எப்படி இருக்கும் என்று யாராவது கேட்டால், நான் அவர்களையே காட்டுவேன். எந்த நாள், எந்த இடம், யார் கண்டார்கள், எந்த பஸ்ஸில் ஏற்றினார்கள் என்பதை, 2010இல் நியமிக்கப்பட்ட நல்லிணக்க ஆணைக்குழுவிலும், காணாமற்போனோர் பற்றி விசாரிக்க 2013இல் நியமிக்கப்பட்ட பரணகம ஆணைக்குழுவிலும், அதன் பின் வந்தவர்களிடமும் சொல் மாறாமல் சொன்னவர்கள் அவர்கள். ஒவ்வொருவரும் ஒரு பையில் பற்றுச்சீட்டுகளையும் கடிதங்களையும் திகதி வரிசையில் வைத்திருக்கிறார்கள். அவர்களிடம் இல்லாதது அதிகாரம் ஒன்றுதான்.

அதனால், எங்கள் பெண்பிள்ளைகள் பொலிஸ் சேவையில் சேர்வது பற்றி நாம் பேசத் தொடங்க வேண்டும் என்று எண்ணுகிறேன். சீருடையைப் பற்றி வன்னி வீடுகளில் இருக்கும் அச்சத்துக்கும் கசப்புக்கும் நியாயம் உண்டு. அதை நான் மறுக்கவில்லை. 1950களிலேயே பெண்களைச் சேர்க்கத் தொடங்கிய இலங்கைப் பொலிஸில் ஒரு பெண் பிரதிப் பொலிஸ் மா அதிபராவதற்கு 2020 வரை செல்ல வேண்டியிருந்தது என்பதையும் அறிவேன். இருந்தும், காணாமற்போன மகளைப் பற்றி ஒரு தாய் தன் மொழியில் சொல்லும்போது, மேசைக்கு மறுபுறம் அதை அதே மொழியில் கேட்டு எழுதும் ஒருத்தி இருக்க வேண்டும். எமது பிள்ளைகள் அந்த நாற்காலியில் அமராவிட்டால் வேறு யார் அமர்வார்கள்?

தங்கள் பத்திரிகையிடமும் ஒரு வேண்டுகோள் உண்டு. பெண்ணொருத்தி காணாமற்போனதாகப் படத்துடன் செய்தி வெளியிடுகிறீர்கள். சில வேளைகளில் காதல் விவகாரம் என்ற ஊகமும் அதில் சேர்ந்துவிடுகிறது. அதன் பின்னர் அவளுக்கு என்ன ஆனது என்பது வாசகர்களுக்குத் தெரிவதே இல்லை. உறுதி செய்யப்படாத அந்த ஊகத்தைத் தவிர்த்து, மூன்று மாதங்கள் கழித்து அதே பெயரை மீண்டும் எடுத்து, அவள் கிடைத்தாளா, விசாரணை எந்த நிலையில் இருக்கிறது என்று பொலிஸாரிடம் கேட்டு வெளியிடுவீர்களாயின், முறைப்பாட்டுடன் தனியே அலையும் குடும்பங்களுக்கு அது பேருதவியாக இருக்கும். இந்த ஆண்டு தங்கள் பக்கங்களில் வெளிவந்த பெயர்களில் இருந்தே அதைத் தொடங்கலாம்.

இங்ஙனம்,
வாசகி ஒருவர்,
மல்லாவி.