கினபாத்தாங்கான் கன்னிக்காடு அல்ல

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

கடந்த ஞாயிறு இதழின் வண்ணப் பக்கத்தில் போர்னியோ படகுப் பயணக் கட்டுரையை வாசித்தேன். கினபாத்தாங்கான் ஆற்றின் அழகைக் கட்டுரையாளர் மனம் நிறைந்து எழுதியிருக்கிறார், அதை மறுக்கமாட்டேன். ஆனால் நடுவில் ஒரு வரி: "மனிதக் கை படாத கன்னிக்காடு என்பதால்தான் ஆற்றின் ஒவ்வொரு வளைவிலும் ஒரு விலங்கு தரிசனம் தருகிறது." இந்த வரியை எப்படி ஐயா அச்சுக்கு விட்டீர்கள்?

நானும் அந்த ஆற்றில் போனவள். மகன் அந்த ஆறு ஓடும் மலேசியாவின் சபா மாநிலத்தில் வேலை பார்க்கிறான். அவன்தான் அழைத்துப் போனான். சண்டக்கானில் இருந்து சுக்காவ் கிராமத்துக்குப் போகும் வழியில் கண்ணுக்கு எட்டிய தூரம், பாம் எண்ணெய் எடுக்கும் செம்பனைத் தோட்டம். காடு எப்போது வரும், எப்போது வரும் என்று நான் கேட்டுக்கொண்டே இருந்தேன். ஆற்றங்கரைக்குப் போன பிறகுதான் வந்தது.

மாலையில் படகின் எஞ்சினை நிறுத்தினார்கள். நீள்மூக்குக் குரங்குகள் உறங்குவதற்குக் கரையோர மரங்களைத் தேடி வருகிற நேரம். தொங்கும் மூக்கோடு பெரிய ஆண் குரங்கு ஒன்று பாய்ந்து இறங்கியதில் மரமே ஆடியது. குட்டிகளை வயிற்றோடு அணைத்த தாய்க் குரங்குகள் கிளை நுனியில் தயங்கி நின்று, பிறகு ஒவ்வொன்றாகப் பாய்ந்தன. இருவாய்ச்சிகள் சோடியாகத் தலைக்கு மேலே பறந்தபோது சிறகோசை படகுக்குள் கேட்டது. எனக்குக் கண் கலங்கிவிட்டது. அடுத்த வளைவில் கரை மரங்கள் மெலிந்திருந்தன. அவற்றின் பின்னால் பார்த்தால், வரிசை பிடித்து நட்ட செம்பனை. யானைகள் ஏன் இவ்வளவு கரையோரமாக வருகின்றன என்று மகன் கேட்டான். படகோட்டி அந்த ஆற்றையே நம்பி வாழும் ஒராங் சுங்கை இனத்தவர். "வேறு எங்கே போகும்?" என்று மட்டும் சொன்னார்.

560 கிலோமீற்றர் நீளமான ஆறு அது. அதன் கீழ்ப்பகுதியில் முதலில் மரம் தறித்தார்கள். 1980களில் இருந்து செம்பனை பரவியது. 2005இல் சரணாலயமாக்கிய ஏறத்தாழ 26,000 ஹெக்டயரும் ஒரே காடு அல்ல, பத்துத் துண்டுகள். துண்டுக்கும் துண்டுக்கும் இடையில் தோட்டம், வேலி, வீதி. குரங்கு ஆற்றோரத்தில் உறங்குவது அதன் இயல்பு. யானைக்கு அப்படியல்ல, அது நடந்து திரிய வேண்டிய பிராணி. பின்னால் நிலம் இல்லாததால்தான் அது பயணிகளின் கமராவுக்கு முன்னால் நிற்கிறது. கட்டுரையாளர் கண்டது நெருக்கடியை. அதைச் செழிப்பு என்று எழுதி, வாசகர்களையும் நம்பவைத்துவிட்டார்.

போர்னியோ யானை தங்கள் வண்ணப் பக்கத்துக்கு வருகிறது. இலங்கையில் எங்கள் திருகோணமலை மாவட்டத்துச் சேருவிலவிலும் ஈச்சிலம்பற்றிலும் வயலுக்குள் இறங்கும் யானை, வீதி விபத்துச் செய்திகளுக்குப் பக்கத்தில் நான்கு வரியில் கிடக்கிறது. இங்கேயும் அது நடந்த வழியை நாம்தான் அடைத்தோம். அதனால் பயிரை இழந்த விவசாயி அழுகிறான், யானையும் சாகிறது. இதைப் பற்றி விரிவாக எழுதுங்கள் என்று முன்பே தங்களுக்கு எழுதினேன். பதில் இல்லை.

நாட்டின் மிக நீளமான ஆறான மகாவலி எங்கள் கொட்டியாரக் குடாவில்தான் கடலில் கலக்கிறது. கிண்ணியாப் பாலம் 2009இல் திறக்கப்படும் வரை பாதை என்று நாங்கள் சொல்லும் மிதவையில் ஏறித்தான் துறை கடந்தோம். மூதூருக்குப் போகிற வழியில் மகாவலி கங்கையிலும் அப்படித்தான். பாதை வரும்வரை கரையில் காத்து நின்று கொக்கையும் நீர்க்காகத்தையும் கண்டல் மரங்களையும் பார்த்து வளர்ந்தவர்கள் நாங்கள். அந்தக் கண்டல்களைப் பற்றித் தங்கள் பயணப் பக்கத்தில் ஒரு பத்தி கூட நான் வாசித்ததில்லை. திருகோணமலை என்றால் கோணேசர் கோயில், கன்னியா வெந்நீரூற்று, புறாமலைக் கடல் என்று அதே மூன்று படங்கள். கோட்டையடியில் மேயும் புள்ளிமான்களை ஒரு முறை போட்டீர்கள். அந்த மானின் வாயில் இருந்தது பொலித்தீன் பை. படத்தைத் தெரிவு செய்தவருக்கும் அது தெரியவில்லையா?

2021 ஏப்ரலில் அரசாங்கம் பாம் எண்ணெய் இறக்குமதியைத் தடை செய்து, முள்ளுத்தேங்காய் என்று இங்கே சொல்லும் செம்பனைத் தோட்டங்களைப் படிப்படியாக அகற்றச் சொன்னபோது தாங்கள் எழுதியது பேக்கரிக்காரரின் கவலையை மட்டுமே. அந்தக் கவலையும் நியாயம்தான். ஆனால் அந்த எண்ணெய் எந்தக் காட்டின் இடத்தில் விளைகிறது என்று எழுதுவதற்கு அதைவிடப் பொருத்தமான நாள் வேறு எது? அன்றும் எழுதவில்லை. இன்று அந்த ஆற்றுக்கே ஆளை அனுப்பி முழுப் பக்கம் ஒதுக்கியும், செம்பனை என்ற ஒரு சொல் அதில் இல்லை.

சிறுவயது முதல் தங்கள் பத்திரிகையை வாசித்து வருகிறேன். வகுப்பறையிலும் பிள்ளைகளுக்கு வாசித்துக் காட்டியிருக்கிறேன். அச்சில் வந்ததை அவர்கள் நம்புவார்கள் என்பதால்தான் இவ்வளவு வேதனை. அடுத்த ஞாயிறு இதழில் "கன்னிக்காடு" என்ற வரிக்குத் திருத்தம் போடுங்கள். இரண்டு வரி போதும். கரை மரங்களின் பின்னால் செம்பனை தெரிகிற படம் ஒன்றை மகன் எடுத்திருந்தான், இத்துடன் இணைத்திருக்கிறேன். இடம் இருந்தால் அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆசிரியை,
மூதூர், திருகோணமலை மாவட்டம்