எல்லாக் குட்டைக் குழலுக்கும் ஒரே விலை ஏறவில்லை

ஆசிரியருக்கு வணக்கம்.

பழைய குட்டைக் குழல் ரிவால்வர்களின் விலை அமெரிக்கச் சேகரிப்பாளர்களிடையே ஏறுவது பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். விலை ஏறியது உண்மைதான். ஆனால் கோல்ட், ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் என்ற இரண்டு அமெரிக்கத் துப்பாக்கி நிறுவனங்களையும் ஒரே தட்டில் வைத்து நிறுத்திருக்கிறது கட்டுரை. 2017இல் வந்த கோல்ட்டின் கோப்ரா ரிவால்வரைப் பழைய கோப்ராவின் மறுவரவு என்றும் சொல்கிறது. இரண்டுமே பிழை. 1950இல் வந்த கோப்ரா அலுமினியக் கலவை உடல் கொண்டது. 2017 கோப்ரா எஃகு உடல். உள்ளே இருக்கும் பொறியமைப்பும் வேறு. பெயர் மட்டும்தான் ஒன்று.

கோல்ட் ஏன் இப்படி ஏறியது என்பதற்கு விடை அதன் உள்ளே இருக்கிறது. 1927இல் வந்த டிடெக்டிவ் ஸ்பெஷல், போலீஸ் பாசிட்டிவ் ஸ்பெஷல் என்ற பழைய கோல்ட் ரிவால்வரின் குழலை இரண்டு அங்குலமாகக் குறுக்கியதுதான். சட்டைப்பையில் அடங்கும் உடலில் .38 ஸ்பெஷல் தோட்டா ஆறு. விசையை முழுக்க இழுத்துப் பிடித்தால், தோட்டாக்கள் இருக்கும் உருளையான சிலிண்டர் கல்லைப்போல நிற்கும். துளி ஆட்டம் இருக்காது. சிலிண்டரைச் சுழற்றும் ‘ஹேண்ட்’ என்ற சிறு நெம்பு இரண்டு படிகளாக வேலை செய்து, கடைசி நொடி வரை அதை அழுத்திக்கொண்டே இருப்பதுதான் காரணம். அந்த அழுத்தத்துக்கு விலையும் உண்டு: நெம்பின் முனை தேயும். புதிய நெம்பைப் பெட்டியிலிருந்து எடுத்து அப்படியே மாட்ட முடியாது. ஒவ்வொரு துப்பாக்கிக்கும் அரத்தால் ராவிப் பொருத்த வேண்டும். அந்தக் கை பழகியவர்கள் இருந்த கோல்ட்டின் ஹார்ட்ஃபோர்டு ஆலையில் 1986இல் வேலைநிறுத்தம் தொடங்கி நான்கு ஆண்டுகள் நீடித்தது. டிடெக்டிவ் ஸ்பெஷலும் அதே ஆண்டு நின்றது. 1993இல் மீண்டும் வந்து இரண்டு ஆண்டுகளில் முடிந்தது. இனி அந்த வேலைப்பாட்டில் வராது என்று தெரிந்த பொருளுக்கு விலை ஏறத்தானே செய்யும்? சில நூறு டாலருக்குக் கிடைத்தவை, நல்ல நிலையில் இருந்தால், இன்று ஆயிரத்தைத் தாண்டுகின்றன.

ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் கதை வேறு. கொலராடோ ஸ்பிரிங்ஸில் 1950இல் நடந்த காவல்துறைத் தலைவர்கள் மாநாட்டில் அறிமுகமானதால் சீஃப்ஸ் ஸ்பெஷல் என்று பெயர் பெற்ற ஐந்து தோட்டா ரிவால்வர், 1957க்குப் பிறகு மாடல் 36 என்ற எண்ணோடு வந்தது. அதன் வம்சம் இன்றும் ஆலையில் உருவாகிக்கொண்டிருக்கிறது. ஆகவே 1970களின் சாதாரண மாடல் 36ஐப் பொக்கிஷம் என்று விற்க வந்தால் நம்ப வேண்டாம். ஏறுவது சில வகைகள்தாம்: சிலிண்டர் திறக்கும் தாழ் தட்டையாக இருக்கும் ஆரம்ப காலத்தவை, நிறுவனத்தின் நூற்றாண்டை ஒட்டி 1952இல் வந்த, பிடியின் பின்புறம் பாதுகாப்பு அழுத்தி கொண்ட சென்டெனியல், மூன்று அங்குலக் குழல். இந்தக் கடைசி வகையை நான் நியாயமான ஆசை என்பேன். இரண்டு அங்குலக் குழலுக்கு அடியில், சுட்ட தோட்டாக் கூடுகளை வெளியேற்றும் தண்டு குட்டையாகத்தான் இருக்க முடியும். அந்த வெற்றுக் கூடுகள் பாதி வந்து சிக்கும். மூன்று அங்குலத்தில் முழுநீளத் தண்டு. 2001க்குப் பிறகு பக்கவாட்டில் பாதுகாப்புப் பூட்டுக்கான சாவித்துளை வந்ததே, அதைச் சேகரிப்பாளர்கள் இன்றுவரை மன்னிக்கவில்லை.

வாங்கும்போது என்ன பார்ப்பது என்பதைக் கட்டுரை தொடவே இல்லை. தோட்டா இல்லை என்று உறுதி செய்த பிறகு, விற்பவர் அனுமதியோடு, சிலிண்டரை விரலால் இலேசாகத் தடுத்துக்கொண்டு சுத்தியை மெல்லப் பின்னே இழுங்கள். சுத்தி முழுதாக நிற்பதற்குள் சிலிண்டர் பூட்டும் ‘க்ளிக்’ கேட்க வேண்டும். சுத்தி நின்ற பிறகும் சிலிண்டர் பூட்டவில்லை என்றால் கோல்ட்டில் நெம்பு தேய்ந்திருக்கிறது. ஆறு அறைகளையும் தனித்தனியே பாருங்கள். ஒன்றே ஒன்று பின்தங்குவது வழக்கம். அடுத்து சிலிண்டரைத் தாங்கும் கை உடலோடு இடைவெளியின்றிச் சேர்கிறதா என்று பாருங்கள். திரைப்பட நாயகன் போல மணிக்கட்டை உதறிச் சிலிண்டரை மூடுபவர்கள் வளைப்பது அதைத்தான். அலுமினிய உடல் என்றால், குழல் திருகும் இடத்துக்குக் கீழே உடல் மெலிந்திருக்கும். உருப்பெருக்கியால் வெடிப்பைத் தேடுங்கள். வீரியம் கூடிய தோட்டா சுட்டவற்றில் முதலில் விடுவது அந்த இடம்.

ஸ்மித்தில் இன்னொரு கண்ணி: வெளியேற்றும் தண்டின் மரை 1960ஐ ஒட்டி வலச்சுற்றிலிருந்து இடச்சுற்றுக்கு மாறியது. பழைய தண்டு தளர்ந்து முன்னே வந்தால் சிலிண்டரே திறக்காது. எந்தச் சுற்று என்று தெரியாமல் குறடு போட்டால் பணம் போச்சு.

மறுபூச்சுதான் பெரிய ஏமாற்று. பளபளவென்று இருப்பதைக் கண்டு மயங்குகிறார்கள். மெருகேற்றிய சக்கரம் எழுத்துகளின் விளிம்பை மழுக்கியிருக்கும், திருகுத் துளைகள் ஓரம் குழிந்திருக்கும், கோல்ட்டின் குதிரை முத்திரையில் கால்கள் மங்கியிருக்கும். ஸ்மித்தில் சுத்தியும் விசையும் எண்ணெய் மிதக்கும் நீர்போலப் பல வண்ணம் காட்ட வேண்டும். அவையும் ஒரே கருநீலமாக இருந்தால் சந்தேகப்படுங்கள். பழைய ஸ்மித்தில் வரிசை எண் அடிப்பிடியில் மட்டுமன்றி, சிலிண்டரின் பின்முகம், குழலின் அடித்தளம், வலப்பிடி மரத்தின் உட்புறம் ஆகியவற்றிலும் இருக்கும். எல்லாம் ஒத்துவந்தால்தான் முழு விலை. உறையில் உரசித் தேய்ந்த நேர்மையான பழைய பூச்சு, புதுப்பூச்சைவிட அதிகம் பெறும் என்பது புதியவர்களுக்கு நம்ப முடியாத செய்தி.

வாங்கிய பின் கெடுப்பதும் நடக்கிறது. தோலுறைக்குள் வைத்துப் பூட்டாதீர்கள். தோல் ஈரத்தையும் பதனிட்ட உப்பையும் பிடித்துவைத்துத் துருவை வளர்க்கும். நிக்கல் பூச்சு உள்ளதை அம்மோனியா கலந்த செப்புக் கரைப்பானால் துடைத்தால், அடியில் செம்பு இருக்கும் இடத்தில் நிக்கல் செதிலாக உரியும்.

அபூர்வப் பெயர் சொல்லி விலை கேட்டால் காகிதம் கேளுங்கள். கோல்ட் ஊழியர் ஜான் ஹென்றி ஃபிட்ஸ்ஜெரால்டு விசைக்காப்பின் முன்பகுதியை வெட்டி உருவாக்கிய ‘ஃபிட்ஸ் ஸ்பெஷல்’ மிகச் சிலவே. இரும்பறுக்கும் ரம்பம் உள்ள எவரும் ஒன்றைச் செய்துவிடலாம் என்பதால் போலிகள் மிகுதி. அமெரிக்க விமானப்படைக்காக 1950களில் அலுமினியச் சிலிண்டரோடு வந்த ஏர்க்ரூமேனும் அப்படித்தான். சிலிண்டர்கள் தாங்காததால் படையே பெரும்பாலானவற்றை அழித்துவிட்டது. இவற்றுக்குக் கோல்ட் ஆவணக் காப்பகமும் ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் வரலாற்று அறக்கட்டளையும் தரும் கடிதம்தான் சான்று. எந்த நாள், எந்தப் பூச்சோடு, எந்தக் கடைக்குப் போனது என்று அதில் இருக்கும்.

கடைசியாக உரிமம். அமெரிக்கக் கூட்டாட்சி விதிப்படி 50 ஆண்டு நிறைந்து, மூல வடிவம் மாறாத துப்பாக்கி ‘தொல்பொருள்’ (கியூரியோ ஆர் ரெலிக்) வகையில் சேரும். 30 டாலருக்கு மூன்று ஆண்டு சேகரிப்பாளர் உரிமம் எடுத்தவர், மாநில எல்லை தாண்டியும் அவற்றை நேரடியாக வாங்கலாம். வாங்கியது விற்றது அனைத்தையும் பதிவேட்டில் எழுத வேண்டும். மாநிலச் சட்டம் தனி. 1973இல் தொடங்கிய மூன்றாம் வரிசை டிடெக்டிவ் ஸ்பெஷல், வெளியேற்றும் தண்டுக்குக் கவசம் உள்ளது, இப்போதுதான் ஆண்டுக்கு ஆண்டு இந்த வரம்புக்குள் வந்துகொண்டிருக்கிறது. குழல் மாற்றியதும் உடல் வெட்டியதும் வயது எவ்வளவானாலும் இதில் சேராது.

இப்படிக்கு,
ஒரு வாசகர்