கப்பல் பயண ஆவணங்கள் பற்றித் தவறான தகவல் தந்தது தொடர்பான முறைப்பாடு

கல்லடி,
மட்டக்களப்பு.
2025 ஆகஸ்ட் 25

பயண முகவர் நிலைய முகாமையாளர் அவர்களுக்கு,

விடயம்: ஆகஸ்ட் 9 அன்று சிங்கப்பூரில் எங்கள் குடும்பம் கப்பலில் ஏற முடியாமல் போனது

வணக்கம்.

கடந்த மே மாதம் உங்கள் மட்டக்களப்பு அலுவலகத்தில் நான்கு பேருக்குச் சிங்கப்பூர் உல்லாசக் கப்பல் பயணம் பதிந்தவள் நான். 31 வருடம் படிப்பித்து ஓய்வு பெற்ற ஆசிரியை. என் கணவருக்கு இந்த ஆகஸ்டில் 70 வயது. அவர் சின்ன வயதில் கல்லடிக் கடற்கரையில் நின்று தூரத்தில் போகும் கப்பல்களைப் பார்த்து, ஒரு நாளைக்கு அதில் ஏறவேணும் என்று நினைத்தவராம். கல்யாணமான நாளிலிருந்து அதைச் சொல்லிக்கொண்டே இருக்கிறார். அதற்காகத்தான் மூன்று வருடம் சீட்டுக் கட்டிச் சேர்த்த காசை உங்களிடம் கொண்டுவந்து தந்தேன். அவர், நான், மகள், 9 வயதுப் பேத்தி, நான்கு பேருக்கும் கப்பல் கட்டணம் 560,000 ரூபா. அதோடு ‘ஆவணச் சேவை’ என்று ஆளுக்கு 12,500 ரூபா தனியாக வாங்கினீர்கள். பற்றுச்சீட்டு இருக்கிறது.

நாங்கள் கப்பலில் ஏறவில்லை. ஏற விடவில்லை. என்ன நடந்தது என்பதை முழுதாக எழுதுகிறேன், பொறுமையாக வாசியுங்கள்.

பதிந்த அன்றே நான்கு கடவுச்சீட்டுகளின் பிரதியையும் உங்கள் அலுவலகத்துத் தம்பி வாங்கி, பார்த்து, “எல்லாம் சரி டீச்சர்” என்று சொல்லிக் கோப்பில் வைத்தார். எல்லாம் சரியில்லை. 16 வயதுக்குக் குறைந்த பிள்ளைகளுக்கு நம் நாட்டில் கடவுச்சீட்டு மூன்று வருடத்துக்குத்தான் கொடுப்பார்கள். பேத்தியினுடையது 2022 நவம்பரில் எடுத்தது. அதாவது பயணம் போகும் நேரம் அதில் மூன்று மாதம்தான் மிச்சம் இருக்கும். சிங்கப்பூருக்குள் போக ஆறு மாதமாவது செல்லுபடியாக இருக்கவேண்டும். இதை ஜூன் மாதம் ஒரு இரவு, பெட்டிக்குள் கடவுச்சீட்டுகளை அடுக்கும்போது நானாகத்தான் கண்டுபிடித்தேன். அப்புறம் மருமகன் லீவு போட்டு வந்து சம்மதக் கையெழுத்து வைக்க, நாங்கள் பிள்ளையையும் கூட்டிக்கொண்டு இரவு பஸ்ஸில் 300 கிலோமீற்றருக்கு மேல் போய், பத்தரமுல்லைக் குடிவரவு அலுவலகத்தில் விடியும் முன்பே வரிசையில் நின்று ஒருநாள் சேவையில் புதிய கடவுச்சீட்டு எடுத்து வந்தோம். அந்தச் செலவை நான் உங்களிடம் கேட்கவில்லை. பிள்ளையின் கடவுச்சீட்டை என்றைக்காவது புதுப்பிக்கத்தான் வேண்டும். ஆனால் பார்ப்பதற்கென்று காசு வாங்கிய உங்கள் கண்ணில் படாதது என் கண்ணில் பட்டது என்பதை இங்கே பதிவு செய்கிறேன்.

அதற்குப் பிறகு எனக்குப் பயம் வந்துவிட்டது. நேரில் வந்து கேட்டேன், “தம்பி, கப்பல் பினாங்குக்கும் புக்கெட்டுக்கும் போகுது. மலேசியாவுக்கு விசா எடுக்கவேணுமா?” அவர் இல்லை என்றார். இரண்டு நாள் கழித்து வட்ஸ்அப்பில் திரும்பவும் கேட்டேன். அதற்கு அவர் அனுப்பிய குரல் பதிவு இன்னும் என் போனில் இருக்கிறது. “டீச்சர், ஒரே துறைமுகத்தில ஏறி அதே துறைமுகத்தில வந்து இறங்குற கப்பலுக்குப் பாஸ்போட்கூடத் தேவையில்லை. பிறப்புச் சான்றிதழும் ஐடென்டி கார்ட்டும் போதும். நீங்க பிளேனுக்குத்தான் பாஸ்போட் கொண்டு போறீங்க. விசா ஒண்டும் வேணாம்.” அதோடு ஆங்கிலத்தில் ஒரு பக்கத்தைப் படமாக எடுத்தும் அனுப்பியிருந்தார். நான் நம்பினேன். அவர் சொன்னபடியே நான்கு பேரின் பிறப்புச் சான்றிதழையும் லாமினேற் செய்து எடுத்துக்கொண்டேன். என் கணவருடையது பழைய கையெழுத்துப் பிரதி, தமிழில் இருக்கிறது. அதை ஒரு வெளிநாட்டு அதிகாரி எப்படி வாசிப்பார் என்று அப்போது எனக்குத் தோன்றவில்லை.

ஆகஸ்ட் 9 சனிக்கிழமை காலை மரீனா பே கப்பல் முனையத்துக்குப் போனோம். பெட்டிகளுக்கு அறை எண் போட்ட அட்டை கட்டி உள்ளே அனுப்பிவிட்டார்கள். பேத்தி கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்ற கப்பலின் மாடிகளை எண்ணிக்கொண்டு நின்றாள். பதிவு மேசையில் இருந்த பிள்ளை நான்கு கடவுச்சீட்டையும் புரட்டிப் பார்த்து, மலேசிய விசா எங்கே என்று கேட்டாள். நான் பிறப்புச் சான்றிதழ்களை எடுத்து நீட்டினேன். அவளுக்கு ஒன்றும் விளங்கவில்லை. பிறகு தமிழ் தெரிந்த ஒரு ஊழியரைக் கூப்பிட்டார்கள். அவர் மரியாதையாகத்தான் சொன்னார், “அம்மா, கப்பல் மலேசியாவுல நிக்குது. இலங்கைப் பாஸ்போர்ட்டுக்கு மலேசியா விசா வேணும். நீங்க இறங்காம கப்பல்லயே இருந்தாலும் விசா இல்லாம ஏத்த முடியாதும்மா.”

எங்களுக்குப் பக்கத்து வரிசையில் சென்னையிலிருந்து வந்த ஒரு குடும்பம் நின்றது. அவர்கள் ஏறிப் போனார்கள். அந்த அம்மாதான் எனக்கு விளங்கப்படுத்தினார். இந்தியர்களுக்கு 2023 டிசம்பரிலிருந்து மலேசியாவுக்கு விசா இல்லை. ஆனால் சிங்கப்பூருக்கு விசா வேண்டும், கப்பல் திரும்பவும் சிங்கப்பூருக்கே வருவதால் பல தடவை நுழையக்கூடிய விசாவாக இருக்கவேண்டும் என்று அவர்களுடைய முகவர் முதலிலேயே சொல்லி எடுத்துக் கொடுத்திருக்கிறார். நமக்கு நேர் எதிர். இலங்கையர்கள் சிங்கப்பூருக்கு விசா இல்லாமல் போகலாம், தாய்லாந்துக்கும் இப்போது போகலாம், மலேசியாவுக்குத்தான் முன்கூட்டியே எடுக்கவேண்டும். ஒரே கப்பல், ஒரே பாதை, ஆனால் கையில் என்ன நாட்டுக் கடவுச்சீட்டு இருக்கிறதோ அதைப் பொறுத்துத்தான் ஆவணம். இதைச் சொல்லித் தரத்தான் ஆளுக்கு 12,500 ரூபா தந்தேன்.

இணையத்தில் மலேசிய விசாவுக்கு விண்ணப்பிக்கலாம், ஆனால் அதற்கு வேலைநாட்கள் வேண்டும். அன்று சனிக்கிழமை. ஏறும் வாசலை மூட இன்னும் இரண்டு மணித்தியாலம்தான் இருந்தது. உங்கள் அலுவலகத்துக்கு ஏழு தடவை அழைத்தேன். கடைசியில் அந்தத் தம்பி எடுத்து, “மற்ற ஆக்களுக்கு இப்பிடி நடக்கல்லையே டீச்சர், போன மாதமும் ஒரு குடும்பம் போய் வந்தது” என்றார். ஊருக்கு வந்தபின் விசாரித்தேன். போன மாதம் போனது லண்டனிலிருந்து விடுமுறைக்கு வந்த குடும்பம். அவர்கள் கையில் இருந்தது பிரித்தானியக் கடவுச்சீட்டு, அதற்கு மலேசியா விசா கேட்பதில்லை. ஆரையம்பதியிலும் களுவாஞ்சிக்குடியிலும் வெளிநாட்டில் பிள்ளைகள் இல்லாத வீடு குறைவு. ஒரே வீட்டில் மூன்று நாட்டுக் கடவுச்சீட்டு இருக்கும். இந்த ஊரில் பயண முகவர் நிலையம் நடத்துகிறவர்கள் முதலில் கேட்கவேண்டிய கேள்வியே ‘உங்களுடையது எந்த நாட்டுக் கடவுச்சீட்டு’ என்பதுதானே?

சரி, அந்த ஆங்கிலப் பக்கத்துக்கு வருகிறேன். அது பொய்யான பக்கம் இல்லை. நியூ ஜெர்சியில் இருக்கும் என் அண்ணன் மகனுக்கு அதை அனுப்பிக் கேட்டேன். அது அமெரிக்கக் குடிமக்களுக்கான விதி. அமெரிக்கத் துறைமுகம் ஒன்றில் ஏறி, பஹாமாஸ், கரீபியன் தீவுகள், மெக்சிகோ, கனடா போன்ற இடங்களுக்குப் போய், அதே துறைமுகத்துக்குத் திரும்பும் கப்பலென்றால், அமெரிக்கக் குடிமகன் பிறப்புச் சான்றிதழோடும் அரசாங்கம் கொடுத்த படமுள்ள அடையாள அட்டையோடும் தன் நாட்டுக்குள் திரும்பலாம். 16 வயதுக்குக் குறைந்தவர்களுக்குப் பிறப்புச் சான்றிதழ் மட்டும் போதும். 2009 ஜூன் மாதத்திலிருந்து அங்கே கடல்வழிப் பயணத்துக்குக் கடவுச்சீட்டு விதியை இறுக்கியபோது வைத்த விலக்கு அது. அண்ணன் மகனின் பிள்ளைகள் மயாமியில் ஏறி பஹாமாஸ் போய் வந்தது அப்படித்தானாம். அங்கேயும்கூட, வழியில் சுகமில்லாமல் போனாலோ கப்பலைத் தவறவிட்டாலோ விமானத்தில் திரும்பக் கடவுச்சீட்டு வேண்டும், அதனால் அதைக் கொண்டுபோவதே நல்லது என்றுதான் சொல்வார்களாம். அந்த விதி மட்டக்களப்பிலிருந்து சிங்கப்பூர் வழியாகப் பினாங்குக்குப் போகிற எங்களுக்கு எப்படிப் பொருந்தும்? உங்கள் தம்பி அனுப்பிய படத்திலேயே, மேலே மூன்றாவது வரியில், அமெரிக்கக் குடிமக்களுக்கு என்று எழுதியிருக்கிறது. அவர் அதை வாசிக்கவில்லை. நானும் வாசிக்கவில்லை. ஆனால் வாசிக்கிற வேலைக்குக் காசு வாங்கியது நான் இல்லை.

இவ்வளவு தூரம் ஏன், நம் காங்கேசன்துறையிலிருந்து நாகபட்டினத்துக்கு 2023 ஒக்டோபரில் கப்பல் விட்டார்கள். விமானத்தில் ஏறுவதே இல்லை, அரை நாள்கூட ஆகாத கடல் பயணம். அதற்கே கடவுச்சீட்டும் இந்திய விசாவும் இல்லாமல் ஏற முடியாது. கப்பலில் போனாலும் எல்லை எல்லைதான் என்பது இங்கே உங்கள் தொழிலில் இருக்கும் எல்லோருக்கும் தெரிந்திருக்கவேண்டும்.

இன்னொன்று. சிங்கப்பூருக்குள் நுழைய முன் இணையத்தில் நிரப்பும் வருகை அட்டைக்கு ஆளுக்கு 3,500 ரூபா வாங்கினீர்கள். அந்த அட்டை இலவசம். சிங்கப்பூர் குடிவரவுத் துறையின் தளத்திலேயே அப்படி இருக்கிறது. நிரப்பிக் கொடுக்கும் உழைப்புக்குக் கூலி கேட்டால் கேட்டிருக்கலாம், ஆனால் உங்கள் பற்றுச்சீட்டில் ‘அரசாங்கக் கட்டணம்’ என்று எழுதியிருக்கிறது.

உள்ளே போன பெட்டிகள் திரும்பி வர ஒன்றரை மணித்தியாலம் ஆனது. என் கணவருக்கு முழங்கால் வருத்தம், அதுவரை நின்றுகொண்டே இருந்தார். என்னை ஒரு சொல் ஏசவில்லை. “மறுகா வருவம்” என்று மட்டும் சொன்னார். எந்தக் காசில் மறுகா வருவது? திரும்பும் விமானம் 13ஆம் திகதிக்குத்தான். நான்கு இரவுகள் சிராங்கூன் வீதிப் பக்கம் இரண்டு அறை எடுத்துத் தங்கினோம். அறை ஒன்றுக்கு ஒரு இரவுக்கு 140 சிங்கப்பூர் டொலர், மொத்தம் 1,120 டொலர். அவருடைய பிறந்தநாள் 11ஆம் திகதி. கப்பலில் கேக் வெட்டுவதாக இருந்தது. வீரமாகாளியம்மன் கோயிலுக்குப் போய் அர்ச்சனை செய்துவிட்டு வந்து அறையில் படுத்துக்கொண்டார்.

திரும்பி வந்ததும் உங்களைச் சந்திக்க வந்தேன். பயண ஆவணங்களுக்குப் பயணியே பொறுப்பு என்று ஒப்பந்தத்தில் இருக்கிறது, கப்பல் நிறுவனம் பணம் திருப்பித் தராது என்றீர்கள். அந்த வரி கப்பல் நிறுவனத்துக்கும் எனக்கும் இடையிலானது. அதில் எனக்குச் சண்டை இல்லை, அவர்கள் செய்தது சரி. உங்களுக்கும் எனக்கும் இடையில் இருப்பது 50,000 ரூபாவுக்கான ஆவணச் சேவைப் பற்றுச்சீட்டும், இரண்டு தடவை நான் கேட்ட கேள்வியும், அதற்கு நீங்கள் தந்த பதிலும். நான் கேட்காமல் விட்டிருந்தால் பிழை என்னுடையது. நான் கேட்டேன்.

ஆகவே கப்பல் கட்டணம், ஆவணச் சேவைக் கட்டணம், வருகை அட்டைக்கு வாங்கிய 14,000 ரூபா எல்லாம் சேர்த்து 624,000 ரூபாவையும், 1,120 சிங்கப்பூர் டொலர் தங்குமிடச் செலவையும் திருப்பித் தரும்படி கேட்கிறேன். விமானச் சீட்டுக்கு நான் எதுவும் கேட்கவில்லை, போய்த்தான் வந்தோம்.

அந்தத் தம்பியை வேலையிலிருந்து நிறுத்தும்படியும் நான் கேட்கவில்லை. அவருக்கு 22, 23 வயது இருக்கும், என்னிடம் படித்த பிள்ளைகளின் பிள்ளைகள் வயது. யாரும் அவருக்குச் சொல்லிக் கொடுக்கவில்லை என்பது பேச்சிலேயே தெரிந்தது. அவருக்குப் பயிற்சி கொடுங்கள். கப்பல் பயணம் விற்கும்போது, அது நிற்கும் ஒவ்வொரு நாட்டுக்கும் இலங்கைக் கடவுச்சீட்டுக்கு என்ன வேண்டும், எத்தனை மாதம் செல்லுபடி வேண்டும், பிள்ளைகளுக்கு என்ன என்பதைத் தமிழில் எழுதி, திகதி போட்டு, கையெழுத்து வைத்து வாடிக்கையாளரிடம் கொடுங்கள். அந்தக் கடதாசி எனக்கு மே மாதம் கிடைத்திருந்தால், பத்தரமுல்லைக்குப் போன அதே கிழமையில் விசாவுக்கும் விண்ணப்பித்திருப்பேன்.

குரல் பதிவின் எழுத்து வடிவம், ஆங்கிலப் பக்கத்தின் படம், பற்றுச்சீட்டுகள், தங்குமிட ரசீது ஆகியவற்றின் பிரதிகளை இத்துடன் இணைத்திருக்கிறேன். பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபையிடம் எழுத்தில் முறையிட எனக்கு மூன்று மாத அவகாசம்தான் உண்டு என்பதால் நீண்ட நாள் காத்திருக்க முடியாது. செப்டம்பர் 8ஆம் திகதிக்குள் எழுத்தில் பதில் வராவிட்டால், இதே கடிதத்தின் பிரதி அங்கேயும், பயண முகவர்களைப் பதிவு செய்யும் இலங்கை சுற்றுலா அபிவிருத்தி அதிகாரசபைக்கும் போகும்.

பதிலைத் தொலைபேசியில் சொல்லவேண்டாம். கல்லடி முகவரிக்குப் பதிவுத் தபாலில் அனுப்புங்கள்.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர்,
ஓய்வுபெற்ற ஆசிரியை, கல்லடி