செல்லுக்கும் செல்லுக்கும் நடுவில்

ஆசிரியருக்கு வணக்கம்.

போன வாரம் மாணவர் பக்கத்தில் செல் பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். தாவர செல்லுக்கு ஒரு கட்டம், விலங்கு செல்லுக்கு ஒரு வட்டம், கீழே அட்டவணை: செல் சுவர் அங்கே உண்டு, இங்கே இல்லை. அதோடு முடிந்தது. என்னிடம் டியூஷனுக்கு வரும் பிள்ளைகள் இதைப் பார்த்துவிட்டு, சுவரே இல்லையென்றால் நாம எப்படி சார் சரிந்து விழாமல் நிற்கிறோம் என்று கேட்கிறார்கள். எலும்பு இருக்கே என்று சொல்லித் தப்பிக்கலாம்தான், ஆனால் எலும்பே பெரும்பாலும் செல்லுக்கு வெளியே இருக்கும் சரக்குதானே, கொலாஜன் என்ற புரத நாரும் அதில் படிந்த கால்சியம் பாஸ்பேட்டும்.

கட்டுரை விட்டது இந்த வெளிச் சரக்கைத்தான். குழம்பில் புளியை முதலிலேயே ஊற்றிவிட்டால் காய் லேசில் வேகாது என்று எல்லா வீட்டிலும் சொல்வார்கள். காயில் பக்கத்துப் பக்கத்து செல் சுவர்களை ஒட்டிப் பிடித்திருப்பது பெக்டின் என்ற பசை. கொதியில் அது கரைந்தால் செல்கள் பிரிந்து காய் மெத்தென்று ஆகும், புளிப்பு இருந்தால் அந்தக் கரைதல் மெதுவாகிவிடும். சுவரில் இருக்கும் செல்லுலோஸ் நம் அடுப்புக்கெல்லாம் அசையாது.

விலங்கில் செல்களைச் சேர்த்துப் பிடிக்கும் வேலையில் பெரும்பங்கு கொலாஜனுடையது. ஆட்டுக்கால் பாயா ஆறினால் கிண்ணத்தில் தளதளவென்று உறைகிறதே, அது காலின் தோலும் தசைநாணும் விட்ட கொலாஜன், கொதித்து ஜெலட்டினாகி வந்தது. மீனில் கொலாஜன் குறைவு, இருப்பதும் குறைந்த சூட்டிலேயே இளகிவிடும், அதனால்தான் காசிமேட்டில் வாங்கிய வஞ்சிரம் கொஞ்ச நேரத்தில் வெந்து உதிர்கிறது, ஆட்டுக்கால் மணிக்கணக்கில் கொதிக்கிறது.

கொலாஜன் என்று எழுதினால் சென்னையைச் சொல்லாமல் எப்படி விட முடியும்? படகு கட்டும் கயிறு மாதிரி மூன்று இழை சேர்ந்து முறுக்கியது அது என்று 1954-ல் சென்னைப் பல்கலைக்கழகத்திலிருந்து விஞ்ஞானிகள் ஜி.என். ராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும் எழுதினார்கள், அடுத்த வருடமே அதைத் திருத்தி இன்னும் சரியான அமைப்பைக் கொடுத்தார்கள். நம் ஊரில் நடந்த இந்த வேலை பற்றி மாணவர் பக்கத்தில் ஒரு வரி கூட இல்லை! வைட்டமின் சி இல்லாவிட்டால் அந்த முறுக்கு உறுதியாக நிற்காது, ஈறில் ரத்தம் கசியும் ஸ்கர்வி நோய் வருவது அதனால்தான்.

அப்புறம் இணைப்புகள். தோல் செல்களை ஒன்றோடொன்று இறுக்கிப் பிடிப்பவை டெஸ்மோசோம்கள். பெம்பிகஸ் என்ற நோயில் உடலின் எதிர்ப்பு சக்தியே இந்தப் பிடியைத் தாக்க, தோல் கொப்புளம் கொப்புளமாகப் பிரியும். இதயத் தசை செல்களுக்கு நடுவே நுண்ணிய வழிகள் உண்டு, அவற்றில் மின்னூட்டம் கொண்ட அயனிகள் தாண்டிப் போவதால்தான் அத்தனை செல்லும் ஒரே துடிப்பில் சுருங்குகின்றன. தாவரத்திலும் சுவரைத் துளைத்து பிளாஸ்மோடெஸ்மாட்டா என்ற வழிகள் ஓடுகின்றன. சுவர் உண்டா இல்லையா என்ற ஒற்றைக் கட்டத்தில் இதெல்லாம் எங்கே அடங்கும்?

அடுத்த முறை ஒற்றை செல் படத்தோடு ஒரு திசுப் படமும் போடுங்கள், கொலாஜன் நாரைக் கோடாகக் காட்டுங்கள், இடைவெளியை வெறும் வெள்ளையாக விட்டுவிடாதீர்கள். பரீட்சைக்கு அட்டவணை வேண்டும் என்றால் சரி, அதைக் கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
பழைய வண்ணாரப்பேட்டை, சென்னை.