ரெண்டாயிரம் ஏக்கர் கணக்கு

மாப்ள,

உன் லெட்டர் கெடச்சுது. பையனுக்கு பெட்ரோலியம் இன்ஜினியரிங் சீட் கெடச்சதுல ரொம்ப சந்தோஷம்டா. இங்க எல்லாரும் சௌக்கியம், என் மூட்டு வலி மட்டும் அப்படியேதான் இருக்கு, அத விடு. கடைசில அலாஸ்கா பத்தி எழுதியிருந்தியே, அந்தப் பனிக்காட்டுல ஒரு ஈ காக்கா கெடையாது, எண்ணெய்க்குத் தோண்டுனா என்ன கொறஞ்சு போகுது, அதுவும் 2,000 ஏக்கர்தானேன்னு, அதப் படிச்சதுக்கப்புறம் சும்மா இருக்க முடியல.

அந்த 2,000 ஏக்கர்தான் மாப்ள இதுல பெரிய தில்லுமுல்லு. அலாஸ்காவோட ஆர்க்டிக் வனவிலங்கு சரணாலயம் மொத்தம் 1.9 கோடி ஏக்கருக்கு மேல, அடிச்சுக்கறது அதோட வடக்கு ஓரமா கடலையொட்டி இருக்குற 15 லட்சம் ஏக்கர் சமவெளிக்கு. 2017ல அமெரிக்க வரிச் சட்டத்துக்குள்ள, அங்க எண்ணெய் எடுக்கலாம்னு நைசா சொருகுனப்போ கட்டுமானம் 2,000 ஏக்கரத் தாண்டாதுன்னு போட்டாங்க, ஆனா பைப்லைன் போனா அதத் தாங்குற தூண் தரையத் தொடுற இடம் மட்டும்தான் கணக்கு, தூணுக்கும் தூணுக்கும் நடுவுல மைல் கணக்குல போற பைப்பு கணக்குலயே வராது. கட்டிலோட நாலு கால் படுற இடந்தான் கட்டில் சைஸுன்னு சொல்ற மாதிரி. அந்த 2,000 ஏக்கரும் ஒரே எடத்துல இருக்கணும்னு கூட இல்ல, அங்கொண்ணு இங்கொண்ணா எங்க வேணா வரலாம்.

அப்புறம் ஈ காக்கா இல்லன்னியே, போர்க்குபைன் மந்தைன்னு காரிபூ, அதாவது பனிமான், கூட்டம் ஒண்ணு இருக்கு, 2017ல எண்ணுனப்போ ரெண்டு லட்சத்துக்கு மேல, அது வருஷா வருஷம் நூத்துக்கணக்கான மைல் நடந்து வந்து பெரும்பாலும் குட்டி போடுறது அந்தச் சமவெளிலதான், ஏன்னா கடல் காத்துக்கு கொசு கம்மி, ஓநாய் கரடி தொல்லையும் மலைப்பக்கத்த விட கம்மி. குவிச்சின்னு அந்தப் பக்கத்து பூர்வகுடி மக்கள் காலங்காலமா அந்த மந்தைய நம்பித்தான் இருக்காங்க. ஆனா அந்தச் சமவெளியிலயே கக்டோவிக்ங்கற ஊர்ல இருக்குற இன்யுபியாட்ங்கற இன்னொரு பூர்வகுடி ஆளுங்கள்ல நெறைய பேர் தோண்டட்டும்னுதான் சொல்றாங்க, அவங்களுக்கு ஸ்கூலு, ஆஸ்பத்திரி எல்லாம் எண்ணெய் வரியில வந்தது, அவங்கள நான் தப்பு சொல்ல மாட்டேன். 1984-85 குளிர்காலத்துல எண்ணெய் இருக்கான்னு பாக்க பனி மேல வண்டி ஓட்டுனாங்க, சில எடத்துல அந்தத் தடம் பல வருஷம் கழிச்சும் மறையலயாம், அந்த மண்ணு அப்படி.

சரி, எண்ணெய் எவ்ளோ? 1998ல அமெரிக்க புவியியல் துறை போட்ட சராசரி மதிப்பீடு 1,040 கோடி பேரல். அமெரிக்கா ஒரு நாளைக்கு எரிக்கறது சுமார் 2 கோடி, நீயே வகுத்துப் பாரு, ஒன்றரை வருஷம் கூட வராது. இதுல கூத்து என்னன்னா கம்பெனிக்காரனே வரல. 2021 ஜனவரில எண்ணெய் எடுக்கற குத்தகைய ஏலம் விட்டாங்க, பெரிய கம்பெனி ஒண்ணு கூட எட்டிப் பாக்கல, பெரும்பாலும் அலாஸ்கா அரசோட ஏஜென்சியே கேட்டுச்சு. 2025 ஜனவரில ரெண்டாவது ஏலம், ஒருத்தன் கூட கேக்கல. அப்படியும், இன்னும் நாலு ஏலம் விடணும்னு அதே வருஷம் சட்டம் போட்டுருக்காங்க! யாருக்காக?

அதுக்காக நாளைக்கே கரண்டுக்கு காத்தாடி நட்டா தீந்துடும்னு சொல்ற ஆளும் நான் இல்ல. அமெரிக்கால கரண்டுக்கு எண்ணெய் எரிக்கறது ரொம்பக் கம்மி, மூணுல ரெண்டு பங்கு போறது வண்டி வாகனத்துக்குதான், அதனால மாத்த வேண்டியதும் வண்டியத்தான். நார்வேல 2024ல வித்த புது கார்ல பத்துக்கு ஒம்பது கிட்டத்தட்ட எலெக்ட்ரிக், அதே நார்வே எண்ணெய வெளிய வித்து காசு பாக்குது, அது வேற கதை. அலாஸ்காலயே கோடியாக் தீவுல கரண்ட் பூராவும் கிட்டத்தட்ட தண்ணிலயும் காத்துலயும்தான் ஓடுது.

பையன் படிப்பு வீணாப் போயிடுமோன்னு பயப்படாத. அமெரிக்காவுல யூட்டா மாநிலத்துல எண்ணெய்க் கிணத்துக்குப் போடுற மாதிரியே படுக்கைவாட்டுல ட்ரில் பண்ணி பூமிச் சூட்டுல கரண்ட் எடுக்க எறங்கியிருக்காங்க, வேலை தெரிஞ்ச ஆளுங்க எண்ணெய்ப் பக்கத்துலேர்ந்துதான் போறாங்க. காலேஜ்ல இந்த பூமிச் சூட்டுப் பாடம், ஜியோதெர்மல்னு பேப்பர் இருக்கான்னு பாக்கச் சொல்லு. லீவுல அவன இங்க அனுப்பு, நீயும் கூட வந்தேன்னா மிச்ச சண்டைய நேர்லயே போட்டுக்கலாம்.

உன்,
பழைய கூட்டாளி