எட்டு கேமரா ரெக்கார்டருக்கு இன்னொரு எண்ணும் உண்டு

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

வீட்டுக்குக் கண்காணிப்புக் கேமரா வாங்குபவர்களிடம் கடைக்காரர்கள் சொல்லாமல் விடுகிற ஒரு எண்ணைப் பற்றி எழுதுகிறேன்: கேமராப் படங்களைப் பதிவு செய்யும் ரெக்கார்டர் பெட்டி நொடிக்கு எவ்வளவு உள்வாங்கும் என்ற எண். அது தெரியாததால் எங்கள் கொல்லைப்புறக் கேமரா 5 வாரம் இருட்டாகவே கிடந்தது. அந்த நாட்களில்தான் மாடியில் குடியிருப்பவர்களின் மகளுடைய சைக்கிள் திருடு போனது. பிளஸ் ஒன் சேர்ந்தபோது அரசு கொடுத்த சைக்கிள். கொல்லையில் மோட்டார் ரூம் பக்கத்தில்தான் நிறுத்துவாள். காவல் நிலையத்தில் "பதிவு இருக்கிறதா?" என்று கேட்டபோது, எட்டு கேமரா வைத்திருந்தும் எங்களிடம் பதில் இல்லை.

நடந்தது இதுதான். எட்டு சேனல் ரெக்கார்டர், 8 மெகாபிக்ஸல் கேமரா எட்டு, 4 டிபி ஹார்டு டிஸ்க். ஏழு கேமராவும் பளிச்சென்று ஓடின. எட்டாவதை இணைத்தால் கறுப்புக் கட்டம், அதற்குள் ஆங்கிலத்தில் ஒரு வரி. கேமரா போட வந்த தம்பி முதலில் கேமராவை மாற்றினார். அடுத்து 40 மீட்டர் கேபிளையே உருவிப் புதிதாக இழுத்தார். மூன்றாவது தடவை வந்தபோது, "சார், 16 சேனல் ரெக்கார்டர் வாங்கிடுங்க" என்றார். நடுவில் வேறொருவர் இன்டர்நெட் பிளானை உயர்த்தச் சொன்னார்.

சைக்கிள் போன பிறகு நானே உட்கார்ந்து பார்த்தேன். வாசல் கேமராவின் ஒயரைப் பிடுங்கினேன். கொல்லைப்புறக் கேமரா வந்துவிட்டது. வாசலைத் திரும்பச் செருகினால் அது வரவில்லை. சரி, மாடிப்படிக் கேமராவைப் பிடுங்கினேன், வாசல் வந்தது. எந்த ஒன்றைப் பிடுங்கினாலும் மற்ற ஏழும் ஓடுகின்றன. அப்படியானால் கேமராவும் கேபிளும் நன்றாகத்தான் இருக்கின்றன, ஏதோ ஒரு கூட்டுத்தொகை மீறுகிறது. 31 வருடம் கணக்குப் பாடம் நடத்தியவனுக்கு அதற்குமேல் யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

ரெக்கார்டருடன் வந்த தாளில், கடைசிப் பக்கத்தில், பொடி எழுத்தில் இருந்தது: உள்வரும் பேண்ட்வித் 60 எம்பிபிஎஸ். அதாவது எல்லாக் கேமராவும் சேர்ந்து நொடிக்கு 60 மெகாபிட்டுக்கு மேல் அனுப்பினால் இந்தப் பெட்டி வாங்கிக்கொள்ளாது. ஒவ்வொரு கேமராவும் கடையிலிருந்து வந்தபடியே 8 மெகாபிட்டில் வைக்கப்பட்டிருந்தது. ஏழு எட்டு 56. எட்டெட்டு 64. இவ்வளவுதான் விஷயம்.

'எட்டு சேனல்' என்பது எத்தனை கேமராவைச் சேர்க்கலாம் என்பதைத்தான் சொல்கிறது. எவ்வளவு உள்ளே போகும் என்பது வேறு எண். கேமராவிலிருந்து ரெக்கார்டருக்கு வருவது வீட்டுக்குள் ஓடும் ஒயர் வழியாக. அதற்கும் மாதாமாதம் பணம் கட்டும் இன்டர்நெட்டுக்கும் தொடர்பே இல்லை. வெளியூரில் இருக்கும் மகன் போனில் பார்க்கும்போதுதான் இன்டர்நெட் வேகம், அதுவும் அப்லோடு வேகம், கணக்கில் வருகிறது. அதற்கும் 'சப் ஸ்ட்ரீம்' என்ற சின்னப் படம் போதும். கேமராவுக்கு அரை மெகாபிட்.

ஒரு பைசா செலவில்லாமல் அன்று மாலையே சரிசெய்தேன். படத்தைச் சுருக்கி அனுப்பும் முறையை எல்லாக் கேமராவிலும் எச்.264-லிருந்து எச்.265-க்கு மாற்றினேன், அதே தெளிவுக்கு இதில் ஏறக்குறைய பாதி அளவு போதும். நொடிக்கு 25 படம் என்று இருந்ததை 15 ஆக்கினேன். வீட்டில் ஆள் நடமாட்டம் பார்க்க 15 தாராளம். அப்புறம் பிட்ரேட்டை, அதாவது ஒவ்வொரு கேமராவும் நொடிக்கு எத்தனை மெகாபிட் அனுப்பலாம் என்பதை, பிரித்துக் கொடுத்தேன். வாசலுக்கு 8, ஏனென்றால் முகம் தெரிய வேண்டிய இடம் அது. அங்கே ரொம்பக் குறைத்தால் முகம் கட்டம் கட்டமாக உடையும். கொல்லைப்புறத்துக்கு 6. நான்கு கேமராக்களுக்கு தலா 4. மாடிப்படி, திண்ணை இரண்டிலும் அசைவே குறைவு, அவற்றை 1080 தெளிவுக்கு இறக்கி தலா 2. மொத்தம் 34. சப் ஸ்ட்ரீம் எட்டுக்கும் 4 சேர்த்தாலும் 38தான். எட்டுக் கட்டமும் ஒரே நேரத்தில் தெரிந்தன.

60-இல் மீதியை வேண்டுமென்றேதான் விட்டு வைத்தேன். கொல்லையில் வேப்பமரம் இருக்கிறது. காற்றடித்து இலை ஆடினால் கேமராவுக்கு எல்லாமே அசைவு. அனுப்பும் அளவு ஏறும். இரவில் வெளிச்சம் குறைந்து படத்தில் புள்ளி புள்ளியாகத் தெரியும்போதும் அப்படித்தான். பகலில் ஓட்டிப் பார்த்துவிட்டு "எல்லாம் ஓகே" என்று கிளம்புவது போதாது. எந்தக் கேமராவும் ஒதுக்கிய அளவைத் தாண்டாதபடி உச்சவரம்பு போட்டிருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

இதே கணக்கில் இன்னொன்றும் அடங்கியிருந்தது. நொடிக்கு 1 மெகாபிட் வீதம் ஒரு நாள் முழுக்க ஓடினால் டிஸ்க்கில் 10.8 ஜிபி. முன்பு 56-இல் ஓடியபோது நாளுக்கு 605 ஜிபி. 4 டிபி டிஸ்க் ஆறரை நாளில் நிரம்பி, பழையதன்மேல் எழுதிக்கொண்டிருந்தது. எட்டு நாள் ஊருக்குப் போய் வந்தால் முதல் நாள் பதிவு இருக்காது. இப்போது 34-இல் கிட்டத்தட்ட 11 நாள் நிற்கிறது.

சென்னையில் காவல்துறை 'மூன்றாவது கண்' என்று பெயரிட்டு வீட்டுக்கும் தெருவுக்கும் கேமரா வைக்க ஊக்கப்படுத்தியது. எங்களைப் போன்ற ஊர்களிலும் இப்போது தெருவுக்கு நாலு வீட்டிலாவது கேமரா இருக்கிறது. இதில் எத்தனை வீட்டில் ஒரு கட்டம் கறுப்பாகக் கிடக்கிறதோ, எத்தனை பேர் அதற்காகப் புது ரெக்கார்டர் வாங்கினார்களோ என்று நினைத்தால் எனக்கு ஆறவில்லை.

ஆகவே என் கோரிக்கை இது. ரெக்கார்டர் பெட்டியின் முன்பக்கம் 'எட்டு சேனல்' என்று அச்சிடும் அதே அளவு எழுத்தில், உள்வரும் பேண்ட்வித்தையும் அச்சிட வேண்டும். கடைக்காரர் பில்லிலேயே அதை எழுதி, கூடவே விற்கும் கேமராக்களின் பிட்ரேட்டைக் கூட்டி, இந்தப் பெட்டி தாங்கும் என்று கையெழுத்துப் போட்டுத் தர வேண்டும். கேமரா போடும் பிள்ளைகளுக்குப் பயிற்சி கொடுப்பவர்கள் முதல் நாளே இந்தக் கூட்டலைச் சொல்லித்தர வேண்டும்.

எங்கள் வீட்டுக்கு வந்த தம்பியை மறுபடி கூப்பிட்டு இதையெல்லாம் காட்டினேன். கேபிள் இழுக்க அன்று வெயிலில் அவர் பட்ட பாடு எனக்குத் தெரியும். அவர்மேல் எனக்குக் கோபமில்லை. "இதை எங்களுக்கு யாருமே சொல்லலை சார்" என்றார். போனை எடுத்து அந்தத் தாளின் கடைசிப் பக்கத்தைப் படம் பிடித்துக்கொண்டு, போன வாரம் கேமரா போட்ட இன்னொரு வீட்டுக்குக் கிளம்பினார்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற கணித ஆசிரியர்,
மன்னார்குடி